வாசற்பலகையும் அமானிதமும்



அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஓர் அறிவிப்புப் பலகை நன்கு பழக்கமானது. அலுவலகம், மருந்தகம், கிடங்கு, வங்கி எனப் பல இடங்களில் நுழைவாயிலின் அருகே அதைக் காணலாம். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷ் மொழியிலும், பின்னணி நிறத்திலிருந்து பிரிந்து தெரியுமாறு, ஓர் அங்குல உயரத்திற்குக் குறையாத எழுத்துகளில் அது எழுதப்பட்டிருக்கும். கைத்துப்பாக்கிக்கு உரிமம் பெற்றவரும் அதனை மறைத்து வைத்துக்கொண்டு இவ்விடத்தினுள் நுழையலாகாது என்பதே அதன் சாரம்.

நாம் ஹூஸ்டன் நகரை அடுத்த ஒரு பள்ளிவாசலின் மத்ரஸாவில் 11 ஆண்டுகளாக ஓதிக் கொடுத்து வருகிறோம். பிள்ளைகளை அழைக்க வரும் பெற்றோர், மார்க்கச் சட்டங்களோடு தம் வேலையிடத்துச் சிக்கல்களையும் நம்மிடம் கேட்பதுண்டு. வட்டி, மது விற்கும் கடையில் வேலை, ஜும்ஆவுக்கு விடுப்பு ஆகியவை பழைய கேள்விகள். கடந்த சில ஆண்டுகளாக இந்தப் பலகையும் கேள்விப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஒருவர் ஊழியராகக் கேட்டார். மற்றொருவர் முதலாளியாகக் கேட்டார். இருவருக்கும் நாம் சொன்னவற்றைச் சற்று விரிவாக எழுதினால் பிறருக்கும் பயன்படும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம். இது ஃபத்வா அன்று. சட்ட ஆலோசனையும் அன்று. மத்ரஸா ஆசிரியர் ஒருவர் தம் ஜமாஅத்தாருடன் பகிர்ந்துகொள்ளும் சிந்தனை மட்டுமே.

பலகை எவ்வாறு வந்தது?

பலகையைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்திய ஒரு துயரத்தை அறிய வேண்டும். 1991 அக்டோபர் 16 அன்று, டெக்ஸாஸின் கில்லீன் நகரில் லூபிஸ் என்னும் உணவகத்தினுள் ஒருவன் தன் வாகனத்தை மோதி நுழைத்து, உணவருந்திக் கொண்டிருந்தோரில் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தம் பெற்றோருடன் அமர்ந்திருந்த சுசானா ஹப் என்ற பெண்மணியிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. ஆனால் அதை மறைத்து எடுத்துச் செல்வதை அன்றைய சட்டம் தடுத்திருந்தமையால் வாகனத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவருடைய தாயும் தந்தையும் அன்று கொல்லப்பட்டனர். பின்னர் அவர் ஊர்தோறும் சென்று சாட்சியம் அளித்தார். 1996இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த வேதனையின் எதிரொலி சட்டத்தில் கேட்டது. 1995இல் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, 1996 முதல் உரிமம் பெற்றோர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்றாயிற்று. உடனே மற்றொரு கேள்வி எழுந்தது. தம் கடைக்குள்ளும் அலுவலகத்திற்குள்ளும் அது வருவதை விரும்பாத உரிமையாளர் என்ன செய்வது? 1997இல் மாநிலக் குற்றவியல் சட்டத்தில் 30.06 என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பலகையின் சொற்கள், மொழிகள், எழுத்தின் உயரம் ஆகிய அனைத்தும் அப்பிரிவில் வகுக்கப்பட்டன. அதனாலேயே மக்கள் அதை எண்ணைச் சொல்லியே அழைக்கின்றனர்.

2016 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்றோர் கைத்துப்பாக்கியை வெளிப்படையாகவும் அணியலாம் என்ற சட்டம் வந்தபோது, அதைத் தடுக்க 30.07 என்ற இரண்டாவது பலகை வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயது நிரம்பியோர் உரிமம் இன்றியும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்றானது. அவர்களுக்கென 30.05 பலகையின் வாசகம் வகுக்கப்பட்டது. சில அலுவலக வாசல்களில் மூன்று பலகைகள் வரிசையாக நிற்பதன் காரணம் இதுவே.

பலகையைக் கண்டும் மறைத்து எடுத்து நுழையும் உரிமதாரருக்கு 200 டாலர் வரை அபராதம் உண்டு. நேரில் சொல்லப்பட்ட பின்னும் வெளியேற மறுத்தால் குற்றத்தின் தரம் உயர்கிறது. ஓராண்டு வரை சிறையும் 4,000 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. பிற மாநிலங்களில் விதிகள் வேறு. இல்லினாய்ஸில் துப்பாக்கிப் படத்தின் மேல் கோடிட்ட, நான்குக்கு ஆறு அங்குலச் சிறு பலகையே போதும். மின்னசோட்டாவில், வெளியேறச் சொன்ன பின்னும் வெளியேறாதவருக்கு முதன்முறை 25 டாலருக்கு மேல் அபராதம் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் மாநிலச் சட்டத்தைக் கேட்டறிந்துகொள்வது கடமை.

இவ்வளவையும் ஏன் சொல்கிறோம்? இந்தப் பலகையை அரசாங்கத்தின் தடை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அரசாங்கம் அனுமதித்த ஒன்றை, இடத்திற்கு உரியவர் தம் வாசலில் மறுக்கிறார். இது ஒரு வீட்டுக்காரரின் சொல். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தால் மற்றவை எளிதாக விளங்கும்.

“யாருக்கும் தெரியாதே, ஹஜ்ரத்”

முதலில் கேட்டவர் நம் மாணவர் ஒருவரின் தந்தை. தமிழகத்திலிருந்து வந்த தொடக்க ஆண்டுகளில் பெட்ரோல் நிலையத்துடன் இணைந்த ஒரு கடையில் இரவுப் பணி செய்தவர். ஒரு நள்ளிரவில் முகமூடி அணிந்த இருவர் அவர் நெற்றியில் துப்பாக்கியை வைத்துப் பணப்பெட்டியைக் காலி செய்து சென்றனர். அதன் பிறகே அவர் உரிமம் பெற்றார். வகுப்பில் அமர்ந்து சட்டம் கற்று, 50 குண்டுகள் சுடும் தேர்வில் தேறி, 40 டாலர் கட்டணம் செலுத்தி முறையாகப் பெற்ற உரிமம் அது. இன்று அவர் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். அந்த நிறுவனத்தின் வாசலில் பலகை இருக்கிறது. பணியில் சேர்ந்த அன்று அவர் கையெழுத்திட்ட பணியாளர் விதிகளிலும் அதே தடை இருக்கிறது.

“இடுப்பில் உறைக்குள் இருக்கும், மேலே சட்டை இருக்கும். யாருக்கும் தெரியாதே, ஹஜ்ரத். நான் யாருக்கும் தீங்கு செய்யப் போவதில்லை. என் உயிரைக் காப்பது என் மீது கடமை அல்லவா?” என்று கேட்டார்.

அவருடைய கேள்வியில் பாதி முற்றிலும் சரியானது. மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், பொருள் ஆகிய ஐந்தின் பாதுகாப்பையும் ஷரீஅத்தின் நோக்கங்களாக நம் அறிஞர்கள் வகுத்திருக்கின்றனர். தற்காப்பை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. போர்க்களத்தில் அச்சநிலைத் தொழுகையின்போதும் ஆயுதத்தைக் கைவிடாதிருக்கக் குர்ஆன் வழிகாட்டுகிறது. எனவே அவர் உரிமம் பெற்றதை நாம் குறை கூறவில்லை. நெற்றியில் துப்பாக்கியின் குளிர்ச்சியை உணர்ந்த ஒருவருக்குப் பாதுகாப்பான அறையில் அமர்ந்து உபதேசம் செய்வது எளிது, நீதியன்று.

மற்றப் பாதியைத்தான் நாம் அவருடன் அமர்ந்து பேசினோம். பிறர் இல்லத்தினுள் ஸலாம் கூறி அனுமதி பெற்றே நுழைய வேண்டும், திரும்பிச் செல்லுமாறு சொல்லப்பட்டால் மனத்தாங்கலின்றித் திரும்பிவிட வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். நம் ஊர்களில் பெரியவர்கள் வாசலில் நின்று மூன்று முறை ஸலாம் சொல்வார்கள். பதில் இல்லையேல் திரும்பிவிடுவார்கள். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தாலும் திரும்பிவிடுவார்கள். வீடு அவருடையது, அனுமதியும் அவருடையது என்பதே அதன் பொருள்.

பலகை வைத்த நிறுவனமும் அனுமதி அளிக்கிறது. ஒரு நிபந்தனையுடன் அளிக்கிறது. நிபந்தனையை ஏற்றவர் போல் உள்ளே சென்று, சட்டைக்குள் அதை மீறுவது அனுமதியின்றி நுழைவதற்கு ஒப்பாகும். அதுமட்டுமன்றி, அவர் அதற்குக் கையெழுத்தும் இட்டிருக்கிறார். முஸ்லிம்கள் தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழி வழியாக நம் சட்டநூல்கள் அனைத்திலும் நிலைபெற்ற கொள்கை. ஹராமான ஒன்றைச் செய்யச் சொல்லும் நிபந்தனையானால் கட்டுப்படத் தேவையில்லை. ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வா என்பதில் ஹராம் ஏதுமில்லை.

“யாருக்கும் தெரியாதே” என்ற சொல்லே நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது. வெளிப்படையாக அணிந்து வருபவரைக் காவலாளி தடுக்கலாம். மறைத்து வருபவரைத் தடுப்பது அவருடைய சொந்த நாணயம் மட்டுமே. வாசலில் சோதனைக் கருவி இல்லாத அலுவலகத்தில் அந்தப் பலகை முழுக்க முழுக்க மனிதரின் வாக்கை நம்பியே நிற்கிறது. இதற்குத்தான் நாம் அமானிதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நோன்பு வைத்த பிள்ளை குளியலறையில் தனியாக இருக்கும்போது தண்ணீர் குடிக்காதிருப்பது போன்றது இது. கண்காணிப்போர் இல்லாத இடத்தில்தான் அமானிதத்திற்குப் பொருளே வருகிறது.

நாம் அவரிடம் மூன்று வழிகளைச் சொன்னோம். நிறுவனத்தாரிடம் நேரில் பேசித் தம் அச்சத்தைச் சொல்லி விலக்குக் கேட்கலாம். எழுத்தில் அனுமதி தந்தால் எடுத்துச் செல்லலாம். மறுத்தால், 2011 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள டெக்ஸாஸ் சட்டம் பெரும்பாலான ஊழியர்களுக்குத் தரும் சலுகையைப் பயன்படுத்தலாம். சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பூட்டிய சொந்த வாகனத்தினுள், நிறுவனத்தின் வாகன நிறுத்துமிடத்தில் வைத்திருப்பதை முதலாளி தடுக்கலாகாது என்கிறது அச்சட்டம். பள்ளிக்கூடங்கள், சில வேதிப்பொருள் ஆலைகள் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. இரண்டும் மனத்திற்கு ஒப்பவில்லையெனில், நிபந்தனை பொருந்தும் வேறொரு வேலையைத் தேடலாம். நான்காவதாக ஒரு வழி, அதாவது சட்டைக்குள் மறைக்கும் வழி, நமக்குத் தெரியவில்லை.

எளிதில் தள்ளிவிட முடியாத வாதம்

அவர் அத்துடன் விடவில்லை. “வர்ஜீனியாவில் நடந்ததை நீங்கள் படிக்கவில்லையா?” என்றார். படித்திருந்தோம்.

2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில், அங்கே பணிபுரிந்த பொறியாளர் ஒருவனே 12 பேரைச் சுட்டுக் கொன்றான். பணியிடத்திற்கு ஊழியர்கள் ஆயுதம் கொண்டு வருவதை நகராட்சி விதி தடுத்திருந்தது. கொல்லப்பட்டவர்களில் ஒரு பெண்மணி, ஒரு சக ஊழியரைக் குறித்த கவலையினால் கைப்பையில் துப்பாக்கி எடுத்துச் செல்வதா என்று முந்தைய இரவு தம் கணவருடன் ஆலோசித்ததாகவும், விதியை மதித்து வீட்டிலேயே வைத்துவிட்டுச் சென்றதாகவும் அக்குடும்பத்தின் வழக்கறிஞர் பின்னர் கூறினார்.

இதைக் கேட்டுவிட்டு மனம் கலங்காதிருக்க முடியாது. விதியை மதித்தவர் உயிரிழந்தார். கொலைகாரனுக்கு விதி ஒரு பொருட்டாகவே இல்லை. துப்பாக்கி கையில் இருந்திருந்தால் அப்பெண்மணி பிழைத்திருப்பாரா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் பலகை ஒன்று மட்டும் யாரையும் காப்பாற்றிவிடும் என்று எவரேனும் சொன்னால், அவர் அந்தக் கணவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படியானால் பலகை எதைத் தடுக்கிறது? கொலை செய்வதென உறுதிகொண்டு வருபவனை அது தடுக்காது. கோபத்தின் ஒரு நிமிடத்தைத் தடுக்கலாம். கழிவறையில் மறந்து வைக்கப்பட்ட துப்பாக்கி பிறர் கையில் கிடைப்பதைத் தடுக்கலாம். நாற்காலியில் சாயும்போது கைதவறிப் பாயும் குண்டைத் தடுக்கலாம். பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் அம்புகளுடன் நடப்போர், எவர் மீதும் பட்டுவிடாதபடி முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை நாம் அறிவோம். அங்கே எதிரி எவருமில்லை, தீய எண்ணமும் இல்லை. இருந்தும், மக்கள் நெருங்கிக் கூடும் இடத்தில் நல்லவர் கையிலிருக்கும் ஆயுதத்தாலும் தீங்கு நேரலாம் என்ற கவனம் அக்கட்டளையில் இருக்கிறது. பலகை வைப்போரின் கவலையும் பெரும்பாலும் அதுவே.

சகோதரரிடம் நாம், “உங்கள் அச்சம் பொய்யானது என்று நாம் சொல்லவில்லை. அச்சம் உண்மையானதாக இருப்பதால் வாக்குறுதி பொய்யாகிவிடாது” என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் நிறுவனத்தாரிடம் பேசினார். விலக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மாலையில் தாமதமாகச் செல்வோரை வாகனம் வரை காவலாளி அழைத்துச் செல்லும் ஏற்பாடு கிடைத்தது. வாகனத்தினுள் இருக்கையின் அடியில் திருகாணியிட்டுப் பொருத்திய எஃகுப் பெட்டி ஒன்றையும் அவர் வாங்கினார். கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கியைத் திருடுவது இங்கே வழக்கமான குற்றமாதலால் அது தேவையான செலவே. இன்றும் அவருக்கு அச்சம் முழுதும் நீங்கவில்லை. நாமும் நீங்கிவிட்டதாக எழுத மாட்டோம்.

பலகையின் மறுபக்கம்

இரண்டாவதாகக் கேட்டவர் ஒரு சகோதரி. மருத்துவர்களுக்கான கட்டணக் கணக்குகளைத் தயாரிக்கும் சிறு அலுவலகம் நடத்துகிறார். 14 பேர் பணிபுரிகின்றனர். பலகையை மாட்டிய மறுநாள் ஊழியர் ஒருவர் அவரிடம், “உங்கள் சொல்லை நம்பி என் பாதுகாப்பை வாகனத்தில் வைத்துவிட்டு வருகிறேன். இனி என் பாதுகாப்பு யார் பொறுப்பு?” என்று கேட்டாராம். “அவர் கேட்டது தவறா, ஹஜ்ரத்?” என்றார் சகோதரி.

தவறில்லை என்றோம். இந்தக் கட்டுரையில் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுதான். வாசற்பலகை ஓர் ஒப்பந்தம். உள்ளே வருபவர் ஒன்றை விட்டுவிட்டு வருகிறார். உள்ளே இருப்பவர் அதற்கு ஈடாக ஒன்றை ஏற்றுக்கொள்கிறார். விருந்தாளியின் செருப்பை வாசலில் விடச் சொல்லும் வீட்டுக்காரர், உள்ளே தரையைச் சுத்தமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். ஆயுதத்தை வெளியே விடச் சொல்பவர், உள்ளே இருப்போரின் உயிரைக் குறித்துக் கவலைப்படக் கடமைப்பட்டவர். ஒவ்வொருவரும் தம் பொறுப்பின் கீழுள்ளோர் குறித்து மறுமையில் விசாரிக்கப்படுவர் என்ற எச்சரிக்கை முதலாளிக்கும் உரியதே.

ஒரு முதலாளி இதை எண்ணிப் பார்க்க இல்லினாய்ஸ் மாநிலத்தின் அரோரா நகரில் நடந்ததே போதும். 2019 பிப்ரவரி 15 அன்று, ஒரு தொழிற்சாலையில் வேலை நீக்கத்தை அறிவிக்கும் கூட்டத்திற்கு அழைக்கப்பட்ட ஊழியர் ஒருவன் அங்கேயே சுடத் தொடங்கினான். உடன் பணிபுரிந்தோர் ஐவர் இறந்தனர். துப்பாக்கி வைத்திருக்க அவனுக்கிருந்த மாநில அட்டை 2014இலேயே இரத்து செய்யப்பட்டிருந்தது. அட்டை இரத்தானது, துப்பாக்கி அவனிடமே இருந்தது. தாளில் எழுதியது மட்டும் தடுப்பாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சகோதரி சில மாற்றங்களைச் செய்தார். செலவு பெரிதில்லை. முன்கதவு எப்போதும் பூட்டியிருக்கும். உள்ளிருந்து பார்த்தே திறப்பார்கள். பின்புறம் மற்றொரு வெளியேறும் வழி இருப்பதை அனைவருக்கும் நடந்து காட்டினார்; அங்கே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை அகற்றினார். வாகன நிறுத்துமிடத்தில் விளக்குகள் பொருத்தச் செய்தார். மாலையில் யாரும் தனியாகக் கதவைப் பூட்டிச் செல்வதில்லை, இருவராகவே செல்கின்றனர். வீட்டில் கணவரின் மிரட்டலுக்கு உள்ளான ஒரு பணிப்பெண், அதை அச்சமின்றித் தம்மிடம் சொல்லும் வழியை ஏற்படுத்தினார். ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த நேர்ந்தால் அவமதிக்காமல், பிறர் முன்னிலையில் குறுகச் செய்யாமல், சேர வேண்டிய ஊதியத்தை அன்றே கையில் கொடுத்து அனுப்புவது என்று முடிவு செய்தார்.

இந்தக் கடைசி ஏற்பாட்டை நாம் மிகவும் மதிக்கிறோம். கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மனிதரை மதித்து நடத்துவது முதலில் ஒரு கடமை. அது பாதுகாப்பாகவும் அமைவது அல்லாஹ்வின் அருள்.

பள்ளிவாசலும் இதற்கு விலக்கன்று

இதே கேள்வி நம் ஜமாஅத்திலும் எழுந்தது. பள்ளிவாசல் தொழுவோருக்கு இறையில்லம். இமாமுக்கும் முஅத்தினுக்கும் ஆசிரியர்களுக்கும் அது பணியிடமும்கூட. டெக்ஸாஸில் வழிபாட்டுத் தலங்களும் பிற தனியார் இடங்களைப் போன்றவையே என்பதை 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம் தெளிவாக்கியது. உரியவர் மறுத்து அறிவிக்காத வரை உரிமதாரர் ஆயுதத்துடன் வரலாம்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15 ஜும்ஆ வேளையில் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டதை எந்த ஜமாஅத்தும் மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று, டெக்ஸாஸின் ஒயிட் செட்டில்மென்ட் நகரத் தேவாலயத்தில் இருவரைக் கொன்ற ஒருவனை, அத்தேவாலயத்தின் தன்னார்வப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்தவர் சில நொடிகளிலேயே சுட்டு வீழ்த்தினார். “பார்த்தீர்களா, எல்லாரும் வைத்திருக்க வேண்டும்” என்றனர் நம் இளைஞர் சிலர். நாம் அதில் கவனித்தது வேறு. சுட்டவர் தாமாக மறைத்து வந்த ஒருவர் அல்லர். சபையார் அறிந்து, நியமித்து, பயிற்சியுடன் நிறுத்தப்பட்டவர். வீட்டுக்காரரின் அனுமதி அங்கே இருந்தது.

நம் நிர்வாகக் குழுவும் மூன்று கூட்டங்கள் பேசிய பின் அவ்வழியையே தேர்ந்தது. ஜும்ஆவுக்குச் சீருடைக் காவலர் ஒருவர் கூலிக்கு அமர்த்தப்படுகிறார். குழுவினர் எழுத்தில் அனுமதி அளித்த மூவர் தவிர மற்றோர் ஆயுதத்துடன் வரக் கூடாது என்று வாசலில் பலகையும் வைக்கப்பட்டது. ஒப்பாதவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவர், “இறைவனின் வீட்டில் மனிதர் போடும் நிபந்தனையா?” என்று கேட்டார். தொழுகை வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்பவரிடம் என்ன இருக்கிறது என்ற ஐயமின்றி ஸுஜூதில் நெற்றி வைக்கும் உரிமை தொழுவோர் அனைவருக்கும் உண்டு என்று பதிலுரைத்தோம். அவர் முழுதும் ஒப்பவில்லை. ஆயினும் பலகைக்குக் கட்டுப்படுகிறார். அதற்காக அவருக்கு நாம் துஆ செய்கிறோம்.

வாகனத்திலிருந்து வீட்டிற்கு

பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். பணியிடத்து வாசல் திருப்பி அனுப்பும் துப்பாக்கி எங்கே தங்குகிறது? வாகனத்தில், அல்லது வீட்டில். அந்த வாகனத்தில்தான் நம் பிள்ளைகள் மத்ரஸாவுக்கு வருகின்றனர். 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்குக் குண்டு நிரப்பிய துப்பாக்கி எட்டுமாறு அலட்சியமாக வைத்திருப்பது டெக்ஸாஸ் சட்டப்படி குற்றம். மார்க்கப்படி அதனினும் பெரிய பொறுப்பு. பூட்டு, தனியே வைத்த குண்டுகள், பிள்ளை அறியாத எண் ஆகிய மூன்றும் இல்லாத வீட்டில் அந்த ஆயுதம் இருக்கலாகாது என்பது நம் தாழ்மையான கருத்து. தம் பிள்ளை விளையாடச் செல்லும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்படவும் தேவையில்லை. ஹலால் இறைச்சியா என்று கேட்க நாம் வெட்கப்படுவதில்லையே.

நம் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், “ஹஜ்ரத், பலகை இல்லாத கடையில் எல்லாரிடமும் துப்பாக்கி இருக்குமா?” என்று கேட்டான். இருக்காது, சிலரிடம் இருக்கலாம் என்றோம். “பலகை இருக்கும் கடையில் யாரிடமும் இருக்காதா?” என்றான். இருக்கக் கூடாது என்றோம். “இருக்காது” என்று சொல்ல நம்மால் முடியவில்லை. அந்த இரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பது காவல்துறையாலும் ஆகாது, ஓர் அங்குல எழுத்தாலும் ஆகாது. வாசலில் ஒருமுறை நின்று, படித்து, தம் வாக்கை எண்ணித் திரும்பி வாகனத்திற்கு நடக்கும் மனிதராலேயே அது ஆகும். உள்ளே அவருக்காகக் கதவைப் பூட்டி, விளக்கேற்றி, பொறுப்பேற்றுக் காத்திருக்கும் முதலாளியாலும் ஆகும்.

யா அல்லாஹ்! எங்கள் பணியிடங்களையும் பள்ளிவாசல்களையும் பிள்ளைகள் பயிலும் இடங்களையும் உன் பாதுகாப்பில் வைப்பாயாக. யாரும் காணாத இடத்திலும் அமானிதம் பேணுவோராகவும், எங்களை நம்பி வருவோரைக் காப்போராகவும் எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.